நோயுற்ற நாளின் கூலி

மதுரை ஆரப்பாளையத்தில் வைகைக் கரையோரம் நிற்போர்க்கு, ஆற்றின் எதிர்க்கரையில் தத்தனேரி தென்படும். தென்கரையில் ஆலைச் சங்கின் ஒலிக்கு எழுந்து, மூன்று ஷிப்டுகளாகப் பஞ்சாலைக்குச் சென்ற குடும்பங்கள் பல. வடகரையில் அத்தொழிலாளர் நோயுற்றபோது நாடிச் சென்ற இ.எஸ்.ஐ. மருத்துவமனை. ஆலைக்கும் மருத்துவமனைக்கும் இடையே ஓர் ஆறுதான். ஆனால் உழைக்கும் நாளுக்கும் ஓய்வுறும் நாளுக்கும் இடையே சட்டம் வகுத்த எல்லை அதனினும் ஆழமானது. அதன் வரலாற்றை இங்குச் சிறிது எண்ணிப் பார்ப்போம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஹார்வி சகோதரர்கள் மதுரையில் நூற்பாலை அமைத்த காலத்தில், நோயாளிக்குக் கூலி என்ற பேச்சே இல்லை. படுத்தவன் பட்டினி கிடந்தான். அல்லது வட்டிக்கு வாங்கினான். 1891இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் வெளியிட்ட ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடல், விபத்திலும் நோயிலும் முதுமையிலும் தொழிலாளர்க்கு உதவப் பொது நிதி வேண்டுமென வலியுறுத்திற்று. நம் நாட்டிலோ 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் வேலையில் நேர்ந்த விபத்துக்கும் சில தொழில்நோய்களுக்கும் மட்டுமே ஈடு தந்தது. சாதாரணக் காய்ச்சலுக்கும் காசநோய்க்கும் அதில் இடமில்லை.

இக்குறையை நீக்கும் வழியை ஆராயப் பேராசிரியர் பி. பி. அடார்க்கர் 1943இல் அமர்த்தப்பட்டார். மறு ஆண்டே அறிக்கை அளித்தார். அதனடியாக 1948இல் தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம் பிறந்தது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் தில்லியிலும் திட்டம் தொடங்கிற்று. தமிழகத்தில் 1955இல் கோவையில் அது கால்கொண்டது.

தொழிலாளியும் முதலாளியும் செலுத்தும் சந்தாவே அந்நிதியின் ஊற்று. எனவே அது பிச்சையன்று, உரிமை. நோய்க்கால உதவி நாளடைவில் உயர்ந்து, ஆண்டுக்கு 91 நாள் வரை, கூலியில் 70 விழுக்காடு என்றாயிற்று. காசநோய் போன்ற நெடுநோய்களுக்கு 80 விழுக்காடு வீதம் ஈராண்டு வரை நீட்டிக்கவும் வழி பிறந்தது. உதவி பெறும் காலத்தில் தொழிலாளியை வேலையினின்று நீக்கலாகாது என்றும் சட்டம் காத்தது.

ஆனால் அதே சட்டத்தின் 63ஆம் பிரிவு ஒரு கோடு கிழித்தது: வேலை செய்து கூலி பெறும் நாளுக்கு நோய்க்கால உதவி இல்லை, தற்காலிக ஊனத்திற்கான உதவியும் இல்லை. அடுத்த பிரிவு, குணமடைவதைத் தாமதப்படுத்தும் எதனையும் செய்யலாகாது என விதித்தது. பொய்யுரைத்துத் தொகை பெற்றால் சிறைத் தண்டனையும் உண்டு.

நோயினின்று தேறிவரும் ஒருவரை எண்ணுவோம். முழு ஷிப்டு நிற்க அவர் கால்கள் இடந்தரா. ஆயினும் நான்கு மணி நேரம் பணியாற்ற இயலும். அவரது நாட்கூலி 100 ரூபாய் எனக் கொண்டால், வீட்டிலிருந்தால் 70 ரூபாய் கிட்டும். அரைநாள் உழைத்தால் 50 ரூபாய்தான். உழைத்தவர்க்கு 20 ரூபாய் நட்டம்! முழு நோயாளி, முழு உழைப்பாளி ஆகிய இருவரையே சட்டம் அறிந்திருந்தது. இடையில் நின்றவரை அது அறியவில்லை.

நிலையான பகுதி ஊனத்திற்கோ வேறு நீதி. எந்திரத்தில் பெருவிரலை இழந்தவர்க்கு உழைப்புத் திறனில் 30 விழுக்காடும், சுட்டுவிரலை முழுதும் இழந்தவர்க்கு 14 விழுக்காடும் குறைந்ததாக அட்டவணை கணக்கிட்டது. அதற்கேற்ற தொகை ஆயுள் முழுதும் கிடைக்கும். அவர் வேலைக்குச் சென்று கூலி பெறுவதற்கும் தடையில்லை. இழந்த விரல் மீண்டும் முளையாதென்பதைச் சட்டம் உணர்ந்திருந்தது. மெல்ல மெல்லத் திரும்பும் உடல்வலிமைக்கு மட்டும் அதனிடம் அளவுகோல் இல்லை.

சட்டம் வகுத்தோரை நாம் எளிதில் குறைகூற இயலாது. பஞ்சுத் தூசி நுரையீரலை அரிக்கும் ஆலையில், அரைநாள் வேலைக்கு வாயில் திறந்தால், குணமாகாதவரையும் குறைந்த கூலிக்கு அழைக்க ஆளிருக்கும். ஏழையின் பசி அவரை உந்தித் தள்ளும். கண்டிப்பு ஒருவகையில் அவருக்குக் காவலாயிற்று.

எனினும் வேறு வழி இல்லாமலில்லை. 1883இலேயே நோய்க் காப்பீட்டைத் தொடங்கிய ஜெர்மனி, 1989 முதல் மருத்துவர் குறிக்கும் அளவில் சில மணி நேரம் மட்டும் பணியாற்றி, நோய்க்கால உதவியையும் பெற்றுவரச் சட்டத்தில் இடமளித்தது. சுவீடனில் திறன் குறைந்த அளவுக்கேற்பக் கால், அரை, முக்கால், முழு என உதவி பகுக்கப்படுகிறது. அங்கெல்லாம் மருத்துவரின் சொல்லே அளவுகோல். தொழிலாளியின் வறுமையோ முதலாளியின் அவசரமோ அன்று.

1981இல் வந்த ‘லபோரெம் எக்செர்சென்ஸ்’ சுற்றுமடலில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், உடற்குறை உடையோரும் முழு மனிதரே, அவர்தம் ஆற்றலுக்கேற்ற உழைப்பு அவர்க்கு உரிமை என்றார். நோயினின்று மீள்வோர்க்கும் இது பொருந்துமன்றோ?

1948ஆம் ஆண்டுச் சட்டத்தை, நாடாளுமன்றம் 2020இல் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் தன்னுள் அடக்கிக்கொண்டது. சட்டத்தின் பெயர் மாறலாம். தேறிவரும் உழைப்பாளியின் கேள்வி மாறுவதில்லை. ஓய்வும் வேண்டும், உழைப்பின் மாண்பும் வேண்டும் என்று கேட்பவரை ஏமாற்றுக்காரராகக் காணாதிருக்க நாம் முதலில் பழகுவோம். வைகையைக் கடக்கப் பாலம் கட்டிய நமக்கு, நோய்க்கும் நலத்திற்கும் இடையிலும் ஒரு பாலம் அமைப்பது அரிதன்று.