கண்டி வேந்தரின் கடல்வேட்கையும் மட்டக்களப்புத் தென்கரையும்

மலைநாட்டு வேந்தர் கடற்கரையை அவாவி நின்றமைக்கு மண்ணாசை ஒன்றே காரணம் எனல் பொருந்தாது. கண்டி நாட்டுக்கு உப்பும் கருவாடும் துணியும் கரையிலிருந்தே செல்லவேண்டியிருந்தன. பாக்கும் யானையும் கரை வழியாகவே வெளிநாடு சென்றன. மேற்குக் கரையைப் போர்த்துக்கேயர் கைப்பற்றிய பின்னர், கண்டியரசு மூச்சு விடுதற்குரிய வாயில்களாகத் திருகோணமலை, கொட்டியாரம், மட்டக்களப்பு ஆகிய கிழக்குத் துறைகளே பெரிதும் பயன்பட்டன. 1602ஆம் ஆண்டில் ஒல்லாந்தத் தளபதி ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில் இறங்கியே கண்டி மன்னன் முதலாம் விமலதர்மசூரியனைக் காணச் சென்றான். கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய ஊர்களைக் கொண்ட தென்கரையும் அக்காலத்து மட்டக்களப்பு நாட்டிலேயே அடங்கியிருந்தது. அம்பாறை மாவட்டம் தனியே வகுக்கப்பெற்றது 1961ஆம் ஆண்டிலேயாம்.

இக்கரையில் தம் ஆட்சியை நிலைநாட்டக் கண்டி வேந்தர் இருவர் இருவேறு வழிகளைக் கையாண்டனர். அவற்றை ஒப்புநோக்குதல் பயனுடைத்து.

முதலாமவன் செனரத் மன்னன். 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப்பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினர். வணிகத்தில் அவர்தம் போட்டியும், சமயப் பகையும் அதற்குக் காரணங்களாயின. புகலின்றி வந்தோரைச் செனரத் ஏற்றுக்கொண்டான். அவருள் ஏறத்தாழ 4,000 பேரை மட்டக்களப்பில் குடியேற்றினான் என்பது போர்த்துக்கேயப் பாதிரியார் குவெய்றோசு எழுதிய வரலாற்றால் அறியப்படும். முஸ்லிம்கள் அதற்கு முன்னரே இக்கரையை அறிந்திருந்தனராயினும், இக்குடியேற்றம் அவர்தம் தொகையைப் பெருக்கியது. அடைக்கலம் அளித்த அருளும், கரையைக் காக்க வேண்டிய அரசியலும் இச்செயலில் ஒருங்கே அமைந்திருந்தன எனலாம். 1628 அளவில் போர்த்துக்கேயர் புளியந்தீவில் கோட்டை கட்டினர். ஆயினும் வயலும் ஊரும் மக்களிடமே இருந்தன.

இரண்டாமவன் செனரத்தின் மைந்தன் இரண்டாம் இராசசிங்கன் (1635–1687). இலங்கை முழுவதற்கும் தானே சக்கரவர்த்தி எனக் கொண்ட இவன், 1638 மார்ச்சில் கன்னொறுவைப் போரில் போர்த்துக்கேயப் படையை அழித்தான். எனினும், கடலரண்களைத் தகர்க்கும் கப்பற்படையும் பெரும்பீரங்கிகளும் அவனிடம் இருக்கவில்லை. எனவே ஒல்லாந்தரின் துணையை நாடினான். 1638 மே 18இல் மட்டக்களப்புக் கோட்டை வீழ்ந்தது. ஐந்து நாட்களில் வெஸ்டர்வோல்டுடன் உடன்படிக்கை எழுதப்பட்டது. கைப்பற்றும் கோட்டைகளில் ஒல்லாந்தக் காவற்படையை நிறுத்துதல் அரசன் விருப்பத்தைப் பொறுத்தது என அவனுக்களித்த படியில் இருந்த தொடர், ஒல்லாந்தர் படியில் காணப்படவில்லை. மேலும், போர்ச்செலவைக் கறுவா முதலிய பொருள்களால் ஈடுசெய்யும் கடப்பாடும் அவன்மீது விழுந்தது.

இதன் விளைவு கொடியது. 1656இல் கொழும்பு வீழ்ந்தபோது அதன் வாயில் இராசசிங்கனுக்கே அடைக்கப்பட்டது. 1658இல் போர்த்துக்கேயர் இலங்கையை விட்டு முற்றாக நீங்கினர். ஆனால் அவர் இடத்தில் ஒல்லாந்தர் அமர்ந்தனர். இடையில் அரசன்பால் மீண்டிருந்த மட்டக்களப்பையும் 1668இல் அவர்கள் மறுபடி கைக்கொண்டனர். 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையோ கண்டியரசிடமிருந்து கரை முழுவதையுமே பறித்தது.

கோட்டைகள் இவ்வாறு கைமாறினும், குடியேறிய மக்கள் நிலைத்தனர். அவர்கள் நெற்செய்கையை மேற்கொண்டனர். தமிழையே தாய்மொழியாகப் போற்றினர். பொதிமாடுகளோடு மலைநாட்டுக்கும் கரைக்குமிடையே வாணிகம் செய்தனர். இந்நாட்டுத் தமிழரிடையே வழங்கும் தாய்வழிக் குடிமுறை முஸ்லிம்களிடையேயும் வழங்குகின்றது. இருசாராரும் அடுத்தடுத்த வயல்களில் ஒரே வாய்க்கால் நீரைப் பகிர்ந்து வாழ்ந்தமைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இராசசிங்கன் வீரத்திற் குறைந்தவன் அல்லன். அரசியற் சூழ்ச்சியிலும் வல்லவனே. ஆயினும் பிறர் படைவலியால் பெற்ற நிலம் அப்படைக்குரியோர்க்கே உரியதாயிற்று. தந்தை புகலளித்த ஏதிலிகளோ, கண்டியரசு 1815இல் மறைந்த பின்னரும் அம்மண்ணின் மக்களாகவே வாழ்ந்தனர். நாட்டெல்லையை வாள் விரிக்கலாம். அதனை நிலைபெறச் செய்வது அங்கு ஏர் பூட்டி வாழும் குடிகளே என்பதனை மட்டக்களப்புத் தென்கரையின் வரலாறு உணர்த்தி நிற்கின்றது.