அம்பாஸடரின் சொட்டுக் கணக்கு

ஒரு வீட்டில் அம்பாஸடர் இருந்ததா என்று தெரிந்துகொள்ள ஆர்.சி. புத்தகம் தேவையில்லை. போர்ட்டிகோ தரையைப் பார்த்தால் போதும். நட்ட நடுவில் தோசைக்கல் அளவுக்கு ஒரு கறுப்பு வட்டம். மண்ணெண்ணெய், சோப்புத்தூள், சாம்பல் எது போட்டுத் தேய்த்தாலும் போகாது. வண்டி கைமாறிப் பல வருஷம் ஆனாலும் வட்டம் மட்டும் அங்கேயே இருக்கும்.

மெக்கானிக்கிடம் கேட்டால், "அம்பாஸடர்னா சொட்டத்தான் சார் செய்யும்" என்பார். தட்டிக் கழிக்கிறார் என்று நமக்குக் கோபம் வரும். ஆனால் அவர் சொல்வதில் பாதி நிஜம்.

1947-ல் இங்கிலாந்தின் ஆஸ்டின் கம்பெனி தன் ஏ40 காருக்காக ஓர் இன்ஜின் செய்தது. பி-சீரிஸ் என்ற வம்சம் அங்கே ஆரம்பம். 1952-ல் ஆஸ்டினும் மாரிஸும் ஒன்றுசேர்ந்து பி.எம்.சி. ஆனபின் அந்த வம்சம் பல கார்களுக்குள் குடியேறியது. உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1958-ல் கொண்டுவந்த அம்பாஸடருக்கு, அடுத்த வருஷமே 1489 சி.சி. பி-சீரிஸ் வந்து சேர்ந்தது.

அந்த இன்ஜினில் ஒரு விசேஷம். கிராங்க் ஷாஃப்ட் பின்பக்கம் வெளியே வந்து பிளைவீலைப் பிடிக்கிற இடத்தில் ஆயில் சீல் கிடையாது. ஆமாம், கிடையவே கிடையாது. அதற்குப் பதில் ஷாஃப்ட்டின் மேலேயே ஒரு திருகாணிப் பள்ளம் வெட்டியிருப்பார்கள். ஷாஃப்ட் சுற்றும்போது, வெளியே வரப் பார்க்கும் எண்ணெயை அந்த மரை உள்ளே திருப்பித் தள்ளிவிடும். தேயாது, கிழியாது, மாற்ற வேண்டாம். புத்திசாலித்தனமான ஏற்பாடுதான். ஒரே சிக்கல், ஷாஃப்ட் சுற்றினால்தான் வேலை செய்யும். வண்டி நின்றால் காவலும் நின்றது. பேரிங் தேய்ந்து இடைவெளி கூடினாலும் காவல் தளர்ந்துவிடும்.

அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில், கிளட்ச் இருக்கும் கூட்டின் அடியில் ஒரு சின்ன ஓட்டை வைத்து, அதில் ஒரு ஊக்கைத் தொங்கவிட்டிருந்தார்கள். வண்டி அதிரும்போது ஊக்கும் ஆடும், அழுக்கு சேர்ந்து ஓட்டை அடைபடாது. அதாவது எண்ணெய் கசியும் என்பது டிசைன் போட்டவருக்கே தெரியும். கசிவது கிளட்சில் தேங்காமல் தரையில் விழட்டும் என்று வழி செய்து கொடுத்திருக்கிறார்!

நல்ல சீல் அப்போது இல்லையா என்றால், இருந்தது. ஜெர்மனியில் வைன்ஹைம் ஊரில் ஃப்ராய்டன்பெர்க் என்று ஒரு தோல் பதனிடும் கம்பெனி. 1929-ன் பொருளாதார வீழ்ச்சியில் தோல் வியாபாரம் படுத்தபோது, கையிலிருந்த தோலை வைத்தே இயந்திரங்களுக்கு சீல் செய்ய இறங்கினார்கள். 1930-களில் அது உலோக வளையத்துக்குள் உட்கார்ந்து, ஷாஃப்ட்டை உதடுபோலக் கவ்விக்கொள்ளும் சீல் ஆயிற்று. பிறகு தோல் போய் செயற்கை ரப்பர் வந்தது. (ஆம்பூர், வாணியம்பாடி வழியாக கிருஷ்ணகிரிக்குப் போகிறவர்கள் தோல் ஷாப்களைத் தாண்டும்போது இதை நினைத்துக்கொள்ளலாம்.) பிரிட்டிஷ்காரர்களும் 1964-ல் எம்.ஜி.பி. காரின் பி-சீரிஸுக்கு ஐந்து பேரிங் கிராங்க்கும் முறையான பின் சீலும் கொடுத்தார்கள். நம்மூருக்கு அது வரவில்லை. பணத்தைக் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் ஜனங்கள் காத்திருந்த லைசென்ஸ் ராஜ்ஜியத்தில், சொட்டுவதை நிறுத்த எந்த முதலாளி மெனக்கெடுவார்?

இந்தப் பலவீனம் அம்பலமாகும் இடம் கிருஷ்ணகிரி - ஓசூர் ரோடு. சுமார் 50 கிலோமீட்டர். கிருஷ்ணகிரியைவிட ஓசூர் ஏறத்தாழ 400 மீட்டர் உயரம். சூளகிரி ஏற்றத்தில் வண்டி மூக்கைத் தூக்கும். சம்ப்பில் உள்ள எண்ணெய் பின்பக்கம் சாயும். ஆக்ஸிலேட்டரை முழுசாக மிதிப்பதால், தேய்ந்த ரிங்குகளைத் தாண்டி காற்று கீழே இறங்கி எண்ணெயை வெளியே நெட்டும். இதை நம் மெக்கானிக்குகள் 'பேக் கம்ப்ரஷன்' என்பார்கள். கசிந்தது கிளட்ச் பிளேட்டில் பட்டால் இன்ஜின் உறுமும், வண்டி நகராது. பெங்களூருக்கு சவாரி போகிற டாக்ஸிக்காரருக்கு அன்றைய வருமானம் அதோடு சரி. ஏறி முடித்து, அத்திப்பள்ளியில் பர்மிட் வரி கட்ட வண்டியை நிறுத்தினால் சொட்டு ஆரம்பம். திருகாணிதான் தூங்கிவிட்டதே!

அதே ஓசூரில் 1980-ல் வெளிவந்த டிவிஎஸ் 50-க்கு இந்தத் தலைவலி இல்லை. டூ ஸ்ட்ரோக். பெட்ரோலோடு எண்ணெயையும் கலந்து எரித்துவிடும். வரவும் செலவும் அன்றன்றைக்கே நேர்.

மெக்கானிக் சொல்லாத மறுபாதிக்கு வருவோம். சொட்டுகிற எல்லா எண்ணெயும் திருகாணி வழியாக வருவதில்லை. மேலே டேப்பட் கவர், பக்கவாட்டில் இரண்டு சைடு கவர் - எல்லாவற்றிலும் கார்க் கேஸ்கெட். காய்ந்தால் சுருங்கும். போல்ட்டை அழுத்தி முறுக்கினால் பிதுங்கும். எங்கே கசிந்தாலும் எண்ணெய் கீழே வழிந்து, ஓடும் காற்றில் பின்னால் போய், அதே இடத்தில்தான் சொட்டும். கீழே பார்த்துவிட்டு "இன்ஜினை இறக்கணும்" என்றால், அது பில்லைப் பார்க்காமல் பேரேட்டில் பதிகிற கணக்கு. பி.காம். படித்தவன் ஒப்பமாட்டான்.

இன்ஜினை நன்றாகக் கழுவிக் காயவைத்து, முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரை மேலே தூவிக் கொஞ்ச தூரம் ஓட்ட வேண்டும். திரும்பி வந்து, பவுடர் நனைந்த இடங்களில் ஆக மேலே, ஆக முன்னே இருப்பது எது என்று பார்க்க வேண்டும். கசிவின் ஊற்று அதுதான். அதற்கும் முன்னால் ப்ரீதர் குழாயைப் பாருங்கள். இன்ஜின் மூச்சு விடும் வழி அது. அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, புது கேஸ்கெட்டும் தாங்காது. பெட்ரோலில் அலசி மாட்ட அரைமணி நேரம், கேஸ்கெட் வாங்குகிற செலவுகூட இல்லை.

2014-ல் அம்பாஸடர் தயாரிப்பு நின்றது. அதற்கு வெகுகாலம் முன்பே, 1990-களில், இசுஸு இன்ஜின் உள்ளே வந்துவிட்டது. ஆனால் பழைய பி-சீரிஸ் வண்டியை ஆசையாக வைத்திருப்பவர்கள் இன்றும் உண்டு. அவர்களில் யாராவது சொட்டைப் பொறுக்கமாட்டாமல் கிளட்ச் கூட்டின் அந்த ஓட்டையை எம்-சீல் வைத்து அடைத்திருந்தால், முதலில் அதைப் பெயர்த்து எடுங்கள். தரை சுத்தமாகத்தான் இருக்கும், உள்ளே கிளட்ச் குளித்துக்கொண்டிருக்கும்.