கேத்தியில் ஒரு பள்ளிக்கூடம்

குன்னூரிலிருந்து ஊட்டிக்கு மலை ரயிலில் போனால், லவ்டேலுக்கு முன்னால் கேத்தி வரும். எல்லோரும் பள்ளத்தாக்கைப் பார்ப்பார்கள். எனக்கு 1840-களில் அங்கே படுகப் பிள்ளைகளுக்காக வைத்த பள்ளிக்கூடம்தான் நினைவுக்கு வரும்.

காசமேஜர் என்ற ஓய்வுபெற்ற நீதிபதி கேத்தியில் குடியேறி, அந்த வயதில் கன்னடம் படித்தார். 1849-இல் இறந்தபோது சொத்தின் பெரும்பகுதியை பாசல் மிஷனுக்கு எழுதிவைத்திருந்தார். (ரிட்டயர் ஆனபின் நாமெல்லாம் பென்ஷன் கணக்குப் பார்ப்பதோடு சரி, என்னையும் சேர்த்துத்தான்.) 1846-இல் அங்கே வேலை தொடங்கிய அந்த மிஷனைச் சேர்ந்தவர்தான் மெட்ஸ் பாதிரியார். இளைஞராக ஜெர்மனியிலிருந்து வந்தவர். படுகர்களின் ஹட்டிகளுக்கு நடந்தே போனவர்.

ஆனால் மிஷனுக்கு மங்களூர்தான் தலைமை இடம். அதனால் பாடம் கன்னடத்தில். பிள்ளைகள் வீட்டில் பேசியதோ படுகு. கன்னடத்துக்கு உறவுதான், ஆனாலும் வேறு மொழி. தனி எழுத்தும் கிடையாது. படுகில் ஒரு புத்தகம், லூக்கா சுவிசேஷம், கன்னட எழுத்தில் அச்சானது 1890-இல். மிஷன் வந்து 44 வருஷம் கழித்து!

நான் பிரெஞ்சில் படித்தவன். பசித்தால்கூட வகுப்பில் 'ழே ஃபேம்' என்றுதான் சொல்லவேண்டும். அது வராத நாட்களில் பேசாமல் உட்கார்ந்திருப்பேன். கேத்தியில் எத்தனை பிள்ளைகள் அப்படி உட்கார்ந்திருந்தார்களோ!

இன்று அங்கே பாடம் தமிழில் அல்லது ஆங்கிலத்தில். படுகு இன்னும் வீட்டில்தான் இருக்கிறது.