எய்ட்ஸ் நோய் வந்த வழி

வரலாறு என்றதும் நம் பிள்ளைகளுக்கு ராஜராஜன் நினைவுக்கு வருவான், ராஃபிள்ஸ் நினைவுக்கு வருவார். நோய்களுக்கும் வரலாறு உண்டு. அதிலும் எய்ட்ஸ் நோயின் வரலாறு, "அதெல்லாம் நம்ம ஊருக்கு வராதுங்க" என்று ஊருக்கு ஊர் சொல்லி ஏமாந்த கதை.

1981 ஜூன் 5-ஆம் தேதி அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் தன் வார அறிக்கையில் ஒரு சிறு குறிப்பை வெளியிட்டது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஐந்து இளைஞர்களுக்கு அபூர்வமான ஒரு நிமோனியா. எதிர்ப்புச் சக்தி அற்றுப்போன உடம்புக்கே வரக்கூடியது அது. இவர்களோ திடகாத்திரமாக இருந்தவர்கள். மறு ஆண்டு நோய்க்கு எய்ட்ஸ் என்று பெயரிட்டார்கள். 1983-இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தார் கிருமியையே கண்டெடுத்தார்கள். அக்குழுவின் பாரே-சினூசி அம்மையாருக்கும் மொந்தான்யேவுக்கும் 2008-இல் நோபெல் பரிசு கிடைத்தது.

ஆனால் நோய் பிறந்தது அமெரிக்காவில் அல்ல. கமரூன் நாட்டின் தென்கிழக்குக் காடுகளில் வாழும் சிம்பன்சிக் குரங்குகளிடம் இதை ஒத்த கிருமி உண்டு. வேட்டையாடி அறுத்தவர்களின் காயம் வழியாக அது மனித இரத்தத்தில் புகுந்திருக்கும் என்பது ஆய்வாளர்களின் முடிவு. மரபணு மாற்றங்களைக் கணக்கிட்டு, 1908-ஐ ஒட்டிய காலம் என்கிறார்கள். பின்னர் இன்று கின்ஷாசா எனப்படும் லியோபோல்ட்வில் நகரை அது அடைந்தது. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுப் பிழைக்க வந்த ஆண்கள் குவிந்த நகரம் அது. நம் பாட்டன்மார் கப்பலேறிச் சிங்கப்பூர் வந்ததும் அதே காலந்தானே! அந்நகரில் 1959-இல் எடுத்துச் சேமித்து வைத்திருந்த இரத்தத்திலேயே இக்கிருமி இருந்தது பிற்பாடு தெரியவந்தது.

இனிச் சென்னைக்கு வருவோம். 1985 இறுதி. "நம் பண்பாடு இருக்கிறதே, எய்ட்ஸ் எப்படி வரும்?" என்று பெரியவர்களே பேசிக்கொண்டிருந்த நேரம். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்த நிர்மலா என்ற மாணவியிடம், அவருடைய ஆசிரியை டாக்டர் சுனிதி சாலமன், இதையே ஆராய்ந்து பாரம்மா என்றார். நிர்மலாவுக்குத் தயக்கம். கணவர் ஊக்கமூட்டினார். பாலியல் தொழில் வழக்கில் பிடிபட்டு அரசுக் காப்பகத்தில் இருந்த பெண்களிடமும் பிறரிடமும் இரத்தம் சேகரித்தார். வைக்க வேறு இடமில்லை. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலேயே வைத்தார்.

1986 பிப்ரவரியில் கணவனும் மனைவியும் ஐஸ் பெட்டியோடு இரவு ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி, வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்குப் போனார்கள். பரிசோதனையில் ஆறு மாதிரிகள் நிறம் மாறின. நம்ப முடியாமல் மறுபடி செய்து பார்த்தார்கள்; அமெரிக்காவுக்கும் கொண்டுபோய்ச் சோதித்தார்கள். முடிவு மாறவில்லை. இந்தியாவில் இந்நோய் இருப்பது அப்படித்தான் வெளியானது. எதற்காக இரத்தம் எடுக்கிறார்கள் என்பது அந்தப் பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. கண்டுபிடித்தவர்களைப் போற்றும்போது இதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். டாக்டர் சுனிதி 1993-இல் ஓர் எய்ட்ஸ் சிகிச்சை மையத்தையே தொடங்கி, 2015-இல் மறையும்வரை நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சரி, நம்ம சிங்கப்பூர்? சென்னைக்கு முன்பே, 1985-இலேயே, இங்கு முதல் தொற்றுகள் தெரிந்துவிட்டன. நோயாளிகளை மோல்மீன் ரோட்டில் பழைய மிடல்டன் ஆஸ்பத்திரி இருந்த தொற்றுநோய் நிலையத்தில் வைத்துப் பார்த்தார்கள். தேக்காவுக்கு ரொம்பத் தூரமில்லை. இருந்தும் நம் வீடுகளில் 'அந்த வியாதி' என்றுதான் பேச்சு. பெயர் சொல்ல நாக்கு வராது. தமிழ்ப் பத்திரிகைகள் வைத்த 'உயிர்க்கொல்லி நோய்' என்ற பட்டம் வேறு! கிருமி செய்த கேட்டில் பாதியை அந்தப் பட்டம் செய்தது என்பது என் எண்ணம்.

1988-இல் டாக்டர் ராய் சான் முதலியோர் 'ஆக்‌ஷன் ஃபார் எய்ட்ஸ்' என்னும் தொண்டமைப்பை நிறுவினர். பெயர் சொல்லாமலே பரிசோதனை செய்துகொள்ளும் வசதியை அவர்கள் ஏற்படுத்தினர். 1998 டிசம்பரில் பேடி சியூ என்பவர், முன்பு விமானப் பணியாளராக இருந்தவர், தமக்கு இந்நோய் இருப்பதை ஊரறியச் சொன்னார். சிங்கப்பூரில் அப்படிச் சொன்ன முதல் மனிதர் அவர்தாம். மறு ஆண்டு தம் கதையைத் தாமே மேடையில் நடித்துக் காட்டினார், ஆகஸ்டில் காலமானார்.

1996-இலிருந்து கூட்டு மருந்துகள் வந்துவிட்டன. தினமும் மாத்திரை போட்டு, இரத்தத்தில் கிருமி தென்படாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து, உடலுறவு வழியாகத் துணைவருக்கு நோய் தொற்றுவதில்லை. நோய் மாறிவிட்டது. பயம் மாறினபாடில்லை. பயத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. வேலை அனுமதிக்கான மருத்துவச் சோதனையில் இக்கிருமி தெரிந்தால் வெளிநாட்டுத் தொழிலாளி ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் ரோட்டில் நம்மோடு தோள் உரசி நடக்கிறார்களே, அந்தத் தம்பிமார்களுக்கும் இதே விதிதான். 2019 ஜனவரியில் 14,200 நோயாளிகளின் விவரங்கள் களவாடப்பட்டு இணையத்தில் வெளியான செய்தி வந்தபோது, அதில் 5,400 பேர் சிங்கப்பூரர்கள், 8,800 பேர் வெளிநாட்டவர்கள். அன்றிரவு எத்தனை வீடுகளில் தூக்கம் போயிருக்கும்!

மோல்மீன் ரோட்டு நிலையம் 2018 டிசம்பரில் மூடப்பட்டது. அதன் பணியைப் புதிய தேசியத் தொற்றுநோய் நிலையம் ஏற்றுக்கொண்டது. 2020 செப்டம்பர் முதல் இந்நோய்க்கான மருந்துகளுக்கும் அரசு மானியம் கிடைக்கிறது.