அமெரிக்கன் மாவில் சுட்ட நகரம்: ஹிரோஷிமாவில் என்ன சாப்பிடலாம்?

எங்கட பட்ச்சில ஒருத்தி ஸ்கொலர்ஷிப் கிடைச்சு ஜப்பானுக்குப் போகப்போறாள். ஹிரோஷிமாவுக்கும் ஒரு நாள் போவாளாம். "அங்க என்ன சாப்பிடலாம் எண்டு ஒரு லிஸ்ட் எடுத்துத் தா" எண்டாள். நான் ஜப்பானுக்குப் போனதில்லை, கட்டுநாயக்காவைத் தாண்டியதே இல்லை. ஆனா யூடியூப் இருக்குத்தானே. தேடினால் எல்லா வீடியோவிலும் கிட்டத்தட்ட ஒரே பட்டியல்தான்: ஒகொனொமியாகி, சிப்பி, அனகோ மெஷி, மொமிஜி மஞ்ஜூ. பட்டியல் எடுக்க ஐந்து நிமிடம் போதும். அதில் முதலாவதாக இருக்கிற சாப்பாடு எங்கிருந்து வந்தது எண்டு பார்க்கப் போய்த்தான் இரண்டு கிழமை போனது.

ஒகொனொமியாகி என்றால் "விரும்பினதைப் போட்டுச் சுடுவது" என்று பொருள் சொல்லலாம். ஒசாகாவில் கோவா, மா, முட்டை எல்லாவற்றையும் ஒன்றாகக் குழைத்துச் சுடுவார்கள். ஹிரோஷிமாவில் அப்படி இல்லை. சூடான இரும்புத் தட்டில் கரைத்த கோதுமை மாவைத் தோசை போல மெல்லிசாக வார்த்து, அதன் மேல் மீன் தூள், மலை மலையாக வெட்டின கோவா, முளைவிட்ட பயறு, பன்றி இறைச்சித் துண்டுகள் என்று அடுக்கி, அப்படியே பிரட்டிப் போடுவார்கள். கோவா தன் ஆவியிலேயே அவிந்து இறங்கும். பக்கத்தில் நூடில்ஸ் வதங்கும். அதன் மேல் இதைத் தூக்கி வைத்து, கடைசியாக ஒரு முட்டையை உடைத்துப் பரப்பி எல்லாவற்றையும் அதில் ஒட்ட வைப்பார்கள். மேலே கறுப்பாக, தடிப்பாக, இனிப்பும் புளிப்புமாக ஒரு சோஸ். தட்டுக்கு முன்னாலேயே இருந்து சின்னத் தட்டகப்பையால் வெட்டி வெட்டிச் சாப்பிட வேண்டும். கொத்து ரொட்டிக் கடையில் தட்டுக்குப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தவர்களுக்கு அந்தச் சூடும் சத்தமும் புதிதாக இருக்காது.

இன்னொரு விஷயம், அங்கே போய் இதை "ஹிரோஷிமாயாகி" என்று சொல்லக்கூடாதாம். அவர்களுக்கு இதுதான் ஒகொனொமியாகி, ஒசாகாக்காரர் செய்வதுதான் வேறு ஏதோ.

யுத்தத்துக்கு முதல் இது ஒரு சாப்பாடாகவே இருக்கவில்லை. சின்னப் பிள்ளைகளின் தின்பண்டம், அவ்வளவுதான். "இஸ்ஸென் யோஷொகு" என்று பெயர், அதாவது ஒரு சென் காசுக்கு ஒரு மேற்கத்தியச் சாப்பாடு. மாவை மெல்லிசாக வார்த்து, கொஞ்சம் வெங்காயத்தாளும் மீன் தூளும் தூவி, சோஸ் பூசி, இரண்டாக மடித்துக் கொடுப்பார்கள். சோஸ் இருந்தால் அது "மேற்கத்தியம்". மிட்டாய்க் கடைகளில் பிள்ளைகள் வாங்கித் தின்றார்கள்.

1945 ஓகஸ்ட் 6, காலை 8.15. அதன் பிறகு அந்தத் தெருக்களே இல்லை. அந்த வருட முடிவுக்குள் ஏறத்தாழ 1,40,000 பேர் இறந்தார்கள் என்பது ஹிரோஷிமா நகர நிர்வாகத்தின் கணிப்பு. மிஞ்சியவர்களுக்கு வீடு இல்லை, அரிசி இல்லை. ஜப்பான் முழுவதுமே பசியில் இருந்த காலம். அப்போது கையில் கிடைத்தது அமெரிக்காவில் இருந்து வந்த கோதுமை மா. இரும்புத் துண்டுகளுக்கும் அந்த நகரத்தில் குறைவில்லை. பிள்ளைகளின் ஒரு சென் தின்பண்டம் பெரியவர்களின் வயிற்றை நிரப்ப வேண்டி வந்தது. கோவா சேர்ந்தது, பயறு சேர்ந்தது, பிறகு முட்டை, இறைச்சி, நூடில்ஸ். வெங்காயத்தாளை விட கோவா மலிவு, வயிற்றையும் நிரப்பும். நாங்கள் இன்றைக்கு வீடியோவில் பார்க்கிற அந்த உயரமான அடுக்கு ஒரு நாளில் ஒருவர் கண்டுபிடித்தது இல்லை. நகரத்தின் கையில் காசு வர வர, வருடக் கணக்கில் ஒவ்வொரு அடுக்காக ஏறியது.

1950 அளவில் நகரத்தின் நடுவில் ஷின்தென்சி என்ற திறந்த வெளியில் தள்ளுவண்டிக் கடைகள் கூடின. உச்சக் காலத்தில் ஐம்பது அளவில் இருந்ததாகச் சொல்கிறார்கள். இன்றும் பெயர் போன "மிச்சான்" கடையின் தொடக்கமும் 1950இல் போட்ட ஒரு தள்ளுவண்டிதான். 1965இல் அந்த இடத்தைப் பூங்காவாக்க வேண்டும் என்று கடைகளை எழுப்பினார்கள். கடைக்காரர்களில் ஒரு பகுதியினர் பக்கத்திலேயே ஒரு தற்காலிகக் கட்டடத்துக்குள் ஒன்றாகப் போனார்கள். அதுதான் "ஒகொனொமிமுரா", ஒகொனொமி கிராமம். 1992இல் புதுக் கட்டடம் வந்தது. சுற்றுலாப் பயணிகள் மாடி மாடியாக ஏறி இறங்குகிற இடம் அதுதான். அங்கே போகிறவர்கள், பூங்காவுக்காக எழுப்பப்பட்ட நடைபாதை வியாபாரிகளின் இடத்தில்தான் தாங்கள் இருந்து சாப்பிடுகிறார்கள் என்பதை நினைத்துக்கொள்ளலாம்.

ஹிரோஷிமாவின் பழைய ஒகொனொமியாகிக் கடைகளின் பெயர்ப் பலகைகளைப் பாருங்கள். நிறையப் பெயர்கள் "சான்" என்று முடியும். பிள்ளைகளையும் நெருங்கினவர்களையும் செல்லமாகக் கூப்பிடுகிற ஒட்டு அது. யுத்தத்தில் கணவனை இழந்த பெண்கள் பலர் வீட்டின் முன் அறையில் ஒரு இரும்புத் தட்டைப் போட்டுக் கடை நடத்தினார்கள். தங்களை ஊர் கூப்பிட்ட பெயரையே கடைக்கும் வைத்தார்கள். காணாமல் போனவர்கள் எப்போதாவது திரும்பி வந்தால், அந்தப் பெயரைப் பார்த்துத் தங்களைக் கண்டுபிடிக்கட்டும் என்றும் சிலர் வைத்ததாகச் சொல்லப்படுகிறது. இதை வாசித்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் நிறுத்தினேன். காணாமல் போனவர்களுக்காகக் காத்திருக்கிற அம்மாக்களைப் பற்றி எங்களுக்கு ஒருத்தரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அந்தச் சோஸுக்கும் ஒரு கதை இருக்கு. ஒட்டாஃபுகு என்ற கம்பனி 1922இல் சின்னக் கடையாகத் தொடங்கி, வினாகிரி செய்துகொண்டிருந்தது. யுத்தத்துக்குப் பிறகு சோஸ் செய்யத் தொடங்கினது. அது தண்ணி மாதிரி வழிந்து தட்டில் ஓடுகிறது என்று கடைக்காரர்கள் குறைப்பட, 1952இல் ஒகொனொமியாகிக்கென்றே தடிப்பான சோஸ் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பிற்காலத்தில் அதன் இனிப்புக்குச் சேர்த்தது எது தெரியுமா? பேரீச்சம்பழம்.

இனி எங்கட பக்கத்துக்கு வருவம். யாழ்ப்பாணத்தில் கோதுமை மாவை அம்மம்மா ஒருநாளும் கோதுமை மா என்று சொன்னதில்லை. "அமெரிக்கன் மா" என்றுதான் சொல்லுவா. சின்ன வயதில் அதை ஒரு பிராண்ட் என்று நினைத்திருந்தேன். பிறகு பார்த்தால் அந்தப் பெயரே ஒரு வரலாற்றுக் குறிப்பு. 1954இல் அமெரிக்கா "பொதுச் சட்டம் 480" என்று ஒன்று கொண்டுவந்தது. தங்களிடம் தேங்கிக் கிடந்த தானியத்தை உதவியாகவும் சலுகை விலையிலும் மற்ற நாடுகளுக்கு அனுப்பும் ஏற்பாடு. அதில் ஜப்பானும் இருந்தது, இலங்கையும் இருந்தது. பசியும் தீர்ந்தது, அமெரிக்க விவசாயிக்குச் சந்தையும் கிடைத்தது. ஜப்பானில் பள்ளிச் சாப்பாட்டில் பாண் வந்தது. கோதுமைச் சமையல் பழக்க அமெரிக்கக் காசில் சமையல் பஸ்கள் ஊர் ஊராக ஓடின. இங்கே அரிசி மாவோடு இந்த மாவும் சேர்ந்து புட்டானது. ஒரே கப்பல் பாதையில் வந்த மா, அங்கே ஒகொனொமியாகி, இங்கே ரொட்டி.

ஆனால் இலங்கைக்குக் கோதுமை மா பரவலாகப் பழகியது அதற்கும் முதல். அதற்குக் காரணம் ஜப்பான். இலங்கை தின்ற அரிசியில் பெரும்பங்கு பர்மாவில் இருந்து வந்தது. 1942 மார்ச்சில் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்ததும் அந்த அரிசி நின்றது. கூப்பனுக்கு அரிசி வெட்டிக் குறைக்கப்பட, இடத்தை நிரப்ப மா வந்தது. ஆக, ஜப்பானின் யுத்தம் எங்கட வீட்டுச் சாப்பாட்டை மாற்றியது. அந்த யுத்தத்தின் முடிவு ஹிரோஷிமாவின் சாப்பாட்டை மாற்றியது.

இங்கேதான் எனக்கு அந்தப் பயண வீடியோக்களோடு பிரச்சினை. "சாம்பலில் இருந்து எழுந்த நகரம், அதன் சாப்பாடு" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அது பொய் இல்லை. குண்டு விழுந்து மூன்றாம் நாளே ஒரு பகுதிப் பாதையில் ட்ராம் ஓடத் தொடங்கிய நகரம் அது. ஆனால் பாதிக் கதை. ஹிரோஷிமா ஒரு படை நகரம். 1894இல் சீனாவோடு யுத்தம் வந்தபோது பேரரசரின் போர்த் தலைமையகமே அங்கே இடம்மாறியது. உஜினா துறைமுகத்தில் இருந்து படைகள் கப்பல் ஏறின. அந்தப் படைகளுக்கு இறைச்சி டின் அடைத்த இராணுவத் தொழிற்சாலைக் கட்டடம் ஒன்று இன்றைக்கும் அங்கே உள்ளூர் அருங்காட்சியகமாக நிற்கிறது. 1941 டிசம்பரில் மலாயா மீது படையெடுத்த படைகளில், ஹிரோஷிமாவைத் தலைமையிடமாகக் கொண்ட ஐந்தாம் டிவிஷனும் ஒன்று. பிறகு அந்த மலாயாவின் தோட்டங்களில் இருந்து சயாம்-பர்மா ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் பல்லாயிரக்கணக்கில் செத்துப்போனார்கள். அவர்களின் பெயரில் ஒரு கடையும் இல்லை.

இதைச் சொல்வதால் ஓகஸ்ட் 6 குறைந்துபோகாது. மிட்டாய்க் கடையில் ஒரு சென்னுக்கு வாங்கித் தின்ற பிள்ளைகள் ரங்கூனைப் பிடிக்கவில்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்திருப்பது கஷ்டம்தான். ஆனால் ஒன்றை மட்டும் வைத்திருப்பது வரலாறு இல்லை, அது விளம்பரம்.

எங்களிடமும் ஒரு சாப்பாடு இருக்கு. ஒவ்வொரு மே மாதமும் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சுகிறோம். அரிசி, தண்ணி, உப்பு. அதை ஒருத்தரும் ருசிக்காகக் குடிப்பதில்லை, குடிக்கும்போது என்ன நடந்தது என்று மறக்கவும் முடியாது. ஒகொனொமியாகி வேறு பாதையில் போனது. அது ருசியாகி, வியாபாரமாகி, சந்தோஷமாகி, சொல்லாவிட்டால் ஒருத்தருக்கும் தெரியாத அளவுக்குத் தன் கதையை உள்ளே மூடிக்கொண்டது. எது சரி என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. எண்பது வருடம் போன பிறகு ஒரு பிள்ளை சிரித்துக்கொண்டு அதைச் சாப்பிடுவதிலும் ஒரு வெற்றி இருக்கு. ஆனால் பக்கத்தில் ஒருத்தர் இருந்து கதையையும் சொல்ல வேணும்.

பட்டியலில் மிச்சம் உள்ளவை குண்டுக்கு முந்தினவை. ஹிரோஷிமா விரிகுடாவில் சிப்பி வளர்ப்பு 1500களிலேயே தொடங்கியது. இன்றும் ஜப்பானில் வளர்க்கிற சிப்பியில் பாதிக்கு மேல் அங்கேதான். கடலில் மிதக்கிற மூங்கில் தெப்பங்களில் இருந்து கம்பிகளில் தொங்கவிட்டு வளர்ப்பார்கள், பனிக்காலத்தில்தான் ருசி. அனகோ மெஷி என்பது கடல் விலாங்கைச் சுட்டுச் சோற்றின் மேல் அடுக்குவது. மியாஜிமா தீவுக்குப் போகிற ரயில் நிலையத்தில் 1901இல் பயணிகளுக்கான சாப்பாட்டுப் பெட்டியாக விற்கத் தொடங்கினார்கள். மொமிஜி மஞ்ஜூ, மேப்பிள் இலை வடிவில் உள்ளே சிவப்புப் பயற்றங்களி வைத்த சின்னக் கேக். அதே தீவில் 1906இல் பிறந்தது, வீட்டுக்குக் கொண்டுவரலாம்.

தோழிக்கு அனுப்பிய லிஸ்டில் இந்த நாலையும் எழுதினேன். கீழே ஒரு வரி சேர்த்தேன்: "ஒகொனொமியாகியை பெரிய கட்டடத்தில் சாப்பிடாத. 'சான்' எண்டு முடியிற பெயரோட, ஒரு வயசான ஆள் தனியச் சுடுற சின்னக் கடையாப் பாத்துப் போ. பெயர் ஆருடையது எண்டு கேள்."

அவள் திருப்பி ஒரு வொய்ஸ் மெசேஜ் போட்டாள்: "கேக்கிறன். ஆனா அவை என்னட்ட நீ எங்கயிருந்து வந்தனி எண்டு கேட்டா, நான் எவ்வளவு சொல்லுறது?"

அதுக்கு நான் இன்னும் பதில் போடேல்ல.