செல்லுலாய்டும் எங்க ஊர் செக்போஸ்ட்டும்

ஜூன் மாதத்து மஸ்கட் வெயில் பற்றி வளைகுடாவாசிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போன வெள்ளி, சனி இரண்டு நாளும் வீட்டை விட்டு இறங்கவே இல்லை. ஏசியைப் போட்டுக்கொண்டு, மத்தி மீன் குழம்பும் மரச்சீனிக்கிழங்குமாய் உட்கார்ந்து இரண்டு மலையாளப் படம் பார்த்தோம். இரண்டுமே பழைய படங்கள்தான். நமக்கு எதுவும் லேட்டாகத்தான் வரும் :-)

முதல் படம் 'நண்பகல் நேரத்து மயக்கம்'. 2022 கடைசியில் கேரள சர்வதேசத் திரைப்பட விழாவில் காட்டி, 2023 ஜனவரியில் தியேட்டருக்கு வந்த படம். லிஜோ ஜோஸ் பெல்லிசேரி இயக்கம். வேளாங்கண்ணி போய்த் திரும்புகிற மலையாளிக் கூட்டத்தில் மம்முட்டி ஒருவர். வழியில் ஒரு தமிழ்நாட்டுக் கிராமத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, ஏதோ ஒரு வீட்டுக்குள் சொந்த வீடு போல நுழைந்து, லுங்கியை எடுத்துக் கட்டிக்கொண்டு சுந்தரமாகி விடுவார். பேச்சும் தமிழாகிவிடும். படம் முழுக்கப் பின்னணியில் பழைய தமிழ்ப் பாட்டும் வசனமும் ஓடிக்கொண்டே இருக்கிறது. வீட்டம்மா அரை மணி நேரத்தில் தூங்கிவிட்டார் (தலைப்புக்கு மரியாதை!). எனக்குப் பிடித்திருந்தது. ஏழாவது படிக்கிற மகள்தான் கடைசியில் கேட்டாள்:

"அப்பா, நம்மளும் இப்படித்தானா? பாறசாலைன்னா கேரளா. வீட்டுல தமிழ். அப்ப நம்ம மலையாளியா தமிழரா?"

"தமிழ்தான் மக்ளே" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு, இவ்வளவு சின்னப் பதில் போதாதே என்று தோன்றியது. அதனால் மறுநாள் 'செல்லுலாய்ட்' போட்டேன்.

இது 2013இல் கமல் எடுத்த படம் (நம்ம கமல் இல்லை, மலையாள இயக்குநர் கமல்). மலையாள சினிமாவின் தந்தை என்று சொல்லப்படும் ஜே.சி.டேனியலின் கதை. பிருத்விராஜ் டேனியலாகவும், மம்தா மோகன்தாஸ் அவர் மனைவி ஜானட்டாகவும், சாந்தினி என்ற புதுப்பெண் ரோசியாகவும் நடித்திருக்கிறார்கள். படமாகப் பார்த்தால் எனக்குச் சில குறைகள் உண்டு. முதல் பாதியில் எல்லோரும் கொஞ்சம் மேடை நாடகம் போலப் பேசுகிறார்கள். ஆனால் ரோசி தன் சாப்பாட்டைத் தானே கொண்டு வந்து, தனியாக ஒதுங்கி உட்கார்ந்து சாப்பிடுகிற இடத்தில் மகள் சிப்ஸ் தின்பதை நிறுத்திவிட்டாள். அந்த ஒரு காட்சிக்காகவே பார்க்கலாம்.

சரி, கதைக்கு வருவோம். படத்தில் இருப்பதும் இல்லாததுமாகச் சொல்கிறேன்.

டேனியல் அகஸ்தீஸ்வரத்துக்காரர். அகஸ்தீஸ்வரம் இன்றைக்குக் கன்னியாகுமரி மாவட்டம், அன்றைக்குத் திருவிதாங்கூர் சமஸ்தானம். வசதியான நாடார் கிறிஸ்தவக் குடும்பம். களரி, வாள்வீச்சு என்று பைத்தியமாக இருந்தவர், அதைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். களரியைப் பிரபலப்படுத்த ஒரு படம் எடுக்கலாம் என்று தொடங்கித்தான் சினிமாவுக்குள் விழுந்தார். நிலத்தை விற்றார். நாலு லட்சம் ரூபாய் என்று சொல்வார்கள். 1920களில் நாலு லட்சம்! பேங்கில் லோன் செக்ஷனில் உட்கார்ந்து பழகிய எனக்கு இந்த இடத்தில் வயிற்றைக் கலக்கியது. புதுத்தொழில், முன்அனுபவம் இல்லை, சந்தை இருக்கிறதா என்றே தெரியாது, மொத்தப் பணமும் சொந்த நிலம். நானாக இருந்தால் அப்ளிகேஷனை அன்றைக்கே திருப்பி அனுப்பியிருப்பேன்.

அவர் திருவனந்தபுரத்தில் 'திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்' என்று ஸ்டூடியோ போட்டு, 'விகதகுமாரன்' என்று ஊமைப்படம் எடுத்தார். கதை, கேமரா, எடிட்டிங், இயக்கம், கதாநாயகன் எல்லாம் அவரே. பணக்கார வீட்டுப் பையனை இலங்கைக்குக் கடத்திக் கொண்டுபோகிற கதை. எல்லோரும் புராணப்படம் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் இவர் சமூகப்படம் எடுத்தார். படம் வெளியான தேதி 1928 நவம்பர் 7 என்றுதான் ரொம்ப காலம் எழுதி வந்தார்கள். பிறகு ஆராய்ச்சியாளர்கள் 1930 அக்டோபர் 23 என்று திருத்தினார்கள். திருவனந்தபுரம் கேப்பிடல் தியேட்டர். மள்ளூர் கோவிந்தப்பிள்ளை என்கிற பிரபல வக்கீல் தொடங்கி வைத்தார்.

அன்று நடந்ததுதான் கொடுமை. கதாநாயகி சரோஜினி ஒரு நாயர் பெண். அதில் நடித்த பி.கே.ரோசி ஒரு தலித் பெண். காக்காரிசி நாடகத்தில் நடித்துப் பழகியவர். (காக்காரிசி என்றால் தென் திருவிதாங்கூர்ப் பக்கம் ஆடுகிற கூத்து. சிவனும் பார்வதியும் குறவராக வந்து தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார்கள். எங்க ஊர்ப் பேச்சே அதுதான் என்று நண்பர்கள் கிண்டல் செய்வது வேறு விஷயம்!) தாழ்ந்த சாதிப்பெண் நாயர் பெண்ணாக நடிப்பதா என்று கூட்டம் கொதித்தது. திரையில் கல்லெறிந்தார்கள். திரையைக் கிழித்தார்கள். பிறகு ரோசியின் குடிசைக்குத் தீ வைத்தார்கள். ரோசி இரவோடிரவாகத் தப்பி ஓடி, நாகர்கோவில் போகிற ஒரு லாரியில் ஏறினார். அந்த லாரி டிரைவரையே திருமணம் செய்து, பெயரை மாற்றி ராஜம்மாள் என்று கடைசிவரை தமிழ்நாட்டுப் பெண்ணாக வாழ்ந்து முடித்தார் என்கிறார்கள். முதல் கதாநாயகிக்கு அதுவே முதலும் கடைசியுமான படம்.

இந்த இடத்தில் படத்தை நிறுத்தி மகளிடம் சொன்னேன். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் போகிற ரோடு எது? நேமம், பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை, மார்த்தாண்டம். அந்த லாரி நம்ம வீட்டு முன்னால் ரோட்டில்தான் போயிருக்க வேண்டும். அப்போது களியக்காவிளையில் செக்போஸ்ட் கிடையாது, எல்லாம் ஒரே ராஜாவின் ராஜ்ஜியம். என் பாட்டா அப்போது அரைக்கால் நிக்கர் போட்ட பையன். "பாட்டா பார்த்திருப்பாரா?" என்றாள். ரோட்டில் போகிற லாரிக்குள் யார் இருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்?

டேனியல் கடனில் மூழ்கினார். ஸ்டூடியோ போயிற்று, சாமான்கள் போயிற்று. பிறகு பல் வைத்தியம் படித்துப் பாளையங்கோட்டை, மதுரை, காரைக்குடி என்று பிழைப்பு நடத்தினார். நடிகர் பி.யு.சின்னப்பாவின் பழக்கம் ஏற்பட்டு மறுபடியும் சினிமா ஆசை பிடித்துச் சென்னைக்குப் போய், மிச்சம் இருந்த பணத்தையும் இழந்தார். கடைசியில் அகஸ்தீஸ்வரத்துக்கே திரும்பினார். 1938இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர்.சுந்தரம் எடுத்த 'பாலன்' வந்ததும், மலையாள சினிமா அதிலிருந்துதான் தொடங்குகிறது என்று எழுதிக்கொண்டார்கள். சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் என்ற பத்திரிகையாளர் தேடி வந்து கண்டுபிடித்து எழுதியிராவிட்டால் டேனியல் பெயரே நமக்குத் தெரிந்திருக்காது.

அந்த மனிதர் டேனியலுக்காக, நலிந்த கலைஞர்களுக்கான உதவித்தொகை கேட்டுக் கேரள அரசை நச்சரித்தார். கிடைக்கவில்லை. டேனியல் தமிழ்நாட்டுக்காரர், அங்கே போய்க் கேளுங்கள் என்றார்கள். ஊமைப்படத்துக்கு ஏது மொழி, அதை எப்படி மலையாளப் படம் என்பது என்றும் கேட்டார்கள்.

1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய 4 தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. மார்ஷல் நேசமணி தலைமையில் நடந்த போராட்டமும், 1954 ஆகஸ்ட் 11 துப்பாக்கிச் சூடும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நெய்யாற்றின்கரைத் தாலுகாவையும் கேட்டார்கள், கிடைக்கவில்லை. அதனால் பாறசாலை இந்தப் பக்கம் நின்றுவிட்டது. டேனியல் பல ஊர் அலைந்தவர்தான், மறுக்கவில்லை. ஆனால் கடைசிக் காலத்தில் அவர் வந்து சேர்ந்தது சொந்த ஊருக்கு. அந்த ஊர்தான் வேறு மாநிலத்துக்குப் போயிருந்தது.

எங்கள் வீட்டிலும் ஒரு டேனியல் உண்டு. பாட்டாவின் தங்கச்சியை விளவங்கோடு தாலுகாவில் கட்டிக் கொடுத்தார்கள். வீட்டிலிருந்து நடந்தே போகிற தூரம். 1956இல் அவர் தமிழ்நாடு, அண்ணன் கேரளா. கணவர் இறந்த பிறகு பிள்ளைகள் இல்லாத அவர் அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டார். விதவைப் பென்ஷனுக்கு இங்கே எழுதிப் போட்டால் "ரேஷன் கார்டு தமிழ்நாட்டில் அல்லவா?" என்றார்கள். அங்கே போனால் "இப்போது குடியிருப்பது கேரளாவில் அல்லவா?" என்றார்கள். இரண்டு ஆபீசும் ரூல்படிதான் பேசின. நானே தினமும் கவுண்டரில் அட்ரஸ் ப்ரூஃப் கேட்கிறவன்தான், ரூல் தெரியாதவன் இல்லை. ஆனால் அந்தப் பாட்டி பிறந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "நான் எங்கயும் போகலியே மக்கா" என்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. பென்ஷன் வராமலே போய்ச் சேர்ந்தார்.

டேனியல் 1975 ஏப்ரல் 27இல் இறந்தார். 1992இல் கேரள அரசு மலையாள சினிமாவின் உயரிய விருதை அவர் பெயரிலேயே ஏற்படுத்தியது. ரோசி பெயரில் 2019இல் மலையாள சினிமாப் பெண்கள் கூட்டமைப்பு ஒரு திரைப்படக் கழகம் தொடங்கியது. 2023 பிப்ரவரி 10 அன்று கூகுள் தன் முகப்பில் ரோசி படத்தைப் போட்டது. எல்லாம் நல்லதுதான். அவர்களுக்குத்தான் தெரியாது.

விகதகுமாரன் பிரிண்ட் இன்று இல்லை. டேனியலின் கடைசி மகன், சிறுபிள்ளையாக இருந்தபோது ஃபிலிம் எரிகிற அழகைப் பார்க்க அதைத் தீயில் போட்டு விளையாடியதாக அவரே பிற்காலத்தில் சொன்னார். 'செல்லுலாய்ட்' முடிவதும் அந்தப் பேச்சோடுதான்.

ஆனால் இன்னொரு படம் பிழைத்தது. டேனியலின் உறவினர், நாகர்கோவில் சுந்தர்ராஜ், சி.வி.ராமன்பிள்ளை நாவலை வைத்து 1933இல் 'மார்த்தாண்டவர்மா' எடுத்தார். நாவலின் உரிமை வைத்திருந்த கமலாலயா புக் டிப்போ வழக்குப் போட, படம் நின்றது, பிரிண்ட் அவர்கள் கைக்குப் போனது. சுந்தர்ராஜுக்குப் பெருத்த நஷ்டம். ஆனால் அந்தப் பெட்டி அப்படியே கிடந்து, 1974இல் கண்டெடுக்கப்பட்டு, புனே ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கிறது. வீட்டில் சொந்தமாக இருந்த படம் தீயில் போயிற்று. கோர்ட்டு பிடித்து வைத்த படம் பிழைத்தது.

படம் முடிந்ததும் மகள் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "டேனியல் தமிழரா மலையாளியா?" என்றாள். "அகஸ்தீஸ்வரத்துக்காரர்" என்றேன். "அப்ப நம்ம?" "பாறசாலைக்காரங்க." கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டினாள்.

இந்த முறை ஊருக்குப் போகும்போது அவளை அகஸ்தீஸ்வரத்துக்கும் கூட்டிப் போக வேண்டும். உங்கள் வீட்டிலும் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்று யாராவது இருந்தால், பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். எங்கள் பாட்டியிடம் நான் கேட்க நினைத்தது நிறைய இருந்தது.