கூடாரமும் பாடத்திட்டமும்: தீவிர மனநோயாளர் குடும்பங்கள் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

இந்திய மனநல மருத்துவ வரலாறு பெரும்பாலும் மருத்துவமனைகளையும் சட்டங்களையும் மையமிட்டே பேசப்படுகிறது. நோயாளியோடு வாழும் குடும்பம் அவ்வரலாற்றில் எவ்வாறு இடம்பெற்றது என்பது தனித்து ஆராயத்தக்கது.

1912ஆம் ஆண்டின் இந்தியப் பித்தர் சட்டத்தில் உறவினர் பெரிதும் மனுதாரராகவே தோன்றுகின்றனர். இந்நிலையை முதலில் அசைத்தது கொள்கையன்று, தட்டுப்பாடே எனலாம். நாட்டுப் பிரிவினைக்குப் பின்னர், 1950களில், இடமும் பணியாளரும் போதாதிருந்த அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையில் மருத்துவர் வித்யா சாகர் உறவினர்களை வளாகத்திலேயே கூடாரங்களில் தங்கச் செய்தார். பணிவிடைக்கு வந்தவர்கள் நோயின் இயல்பை அறிந்து திரும்பினர். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1957இல் தொடங்கிய மனநல மையத்தில் குடும்பத்தார் உடனுறைதல் ஒரு முறையாகவே நிலைபெற்றது.

பயிற்சி என்னும் நிலையில் பெங்களூரே முதன்மையானது. அங்கு 1954இல் தோன்றிய அனைத்திந்திய மனநல நிறுவனம் 1974இல் நிம்ஹான்ஸ் ஆயிற்று. 1994இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. சென்னையில் 1984இல் ஸ்கார்ஃப் அமைப்பை நிறுவிய மருத்துவர் சாரதா மேனன் இங்குப் பயின்றவரே. 1975இல் தொடங்கிய சமுதாய மனநலப் பிரிவு, சக்கலவாரா கிராம மையத்தின்வழி, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்க்கும் களப்பணியாளர்க்கும் பயிற்சி அளித்தது. ஆயின் அப்பயிற்சி நோயை இனங்காண்பதிலும் மருந்து வழங்குவதிலுமே மிகுந்த கருத்துச் செலுத்தியது. குடும்பத்தினர் நோயாளியை அழைத்து வருவோராகவும் மருந்து கொடுப்போராகவும் கருதப்பட்டனரேயன்றி, தாமும் துன்புறுவோராகக் கருதப்பட்டமை குறைவு.

இவ்விடத்தில், ஷைலா பையும் ஆர். எல். கபூரும் 1981இல் வெளியிட்ட குடும்பச் சுமை அளவீடு தனிக்கவனத்திற்குரியது. பொருளிழப்பு, அன்றாட அலுவல் குலைவு, ஓய்வின்மை, உறவுப் பிணக்கு, ஏனையோரின் உடல்நலமும் மனநலமும் கெடுதல் ஆகியன அதில் வினாக்களாயின. வீட்டுக்குள் முணுமுணுக்கப்பட்டவை ஆய்வுத் தரவுகளாயின என்பது சிறிய மாற்றமன்று. எனினும் அளத்தல் வேறு, ஆற்றுதல் வேறு.

1982இல் தேசிய மனநலத் திட்டம் வந்தது. மாவட்டத் திட்டம் 1996இல் நான்கு மாவட்டங்களில் தொடங்கியபோது தமிழகத்தில் திருச்சி மட்டுமே சேர்க்கப்பட்டது. இராமநாதபுரம் அந்நான்கனுள் இல்லை. அம்மாவட்டத்து ஏர்வாடியில், 2001 ஆகஸ்டு 6ஆம் நாள், தனியார் காப்பகம் ஒன்றில் எழுந்த தீயில் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் மாண்டனர். ஊடகங்கள் உறவினரின் கைவிடலைக் கடிந்தன. தர்காவை நம்பி வந்த அக்குடும்பங்களுக்கு அருகில் வேறு எவ்வாயில் திறந்திருந்தது என்னும் வினா அத்துணை உரக்கக் கேட்கப்படவில்லை. சங்கிலியிடுதலை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வெளிப்படையாகத் தடைசெய்தது.